வருகையின் நோக்கம்

பெயர், வயது, தொழில், விலாசம் என்று விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தை ஐந்து நிமிஷத்தில் நிரப்பிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில்தான் பேனா நின்றது. ‘வருகையின் நோக்கம்’ என்று அச்சிட்டு, எதிரே இரண்டு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள்.

2019, ஜூன் மாதம். மைசூர் சரஸ்வதிபுரத்தில் வீட்டு வாசலில் மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. “‘சுற்றிப் பார்க்க’ என்று எழுதுங்கள் மேடம். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள்” என்றான் எதிரே உட்கார்ந்திருந்த பையன். அவனுடைய ஊருக்குத்தான் நான் போவதாக இருந்தது. எழுதியிருக்கலாம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பதினைந்து வருஷமாக மற்றவர்களின் வார்த்தைகளைத் தமிழில் எழுதிப் பிழைக்கிறவளுக்கு ஒரு வியாதி உண்டு. ஏறக்குறைய சரி என்று தோன்றும் சொல்லை எழுதிவிட்டால் அன்று இரவு தூக்கம் வராது. படிவத்தை மடித்து அகராதிக்குள் வைத்தேன். அது எத்தனை வருஷம் அங்கேயே கிடக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஊரின் பெயர் மினிக்காய். அந்த ஊர்க்காரர்களுக்கு அது மலிக்கு. லட்சத்தீவுகளின் தென்கோடியில், கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி, பிறை வடிவத்தில் கிடக்கும் மெல்லிய நிலத்துண்டு. பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 10,447 பேர். வடக்கே மற்ற லட்சத்தீவுகளிலிருந்து ஒன்பதாம் பாகைக் கால்வாயும், தெற்கே மாலத்தீவிலிருந்து எட்டாம் பாகைக் கால்வாயும் அதைப் பிரிக்கின்றன. இரண்டில் தெற்குப் பக்கம்தான் தூரம் குறைவு. பேச்சும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. மற்ற தீவுகளில் மலையாளத்தின் ஒரு வடிவத்தைப் பேசும்போது, மினிக்காய் மட்டும் மஹல் பேசுகிறது. மாலத்தீவின் திவேஹிதான் அது, சிங்களத்துக்கு உடன்பிறப்பு.

எனக்கும் மினிக்காய்க்கும் என்ன சம்பந்தம்? நேர்மையாகச் சொன்னால், கருவாடு.

நான் பிறந்தது தூத்துக்குடியில். எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு தகர டப்பாவில் மாசி எப்போதும் இருக்கும். பார்ப்பதற்கு ஏதோ விறகுத் துண்டு போலிருக்கும். அம்மிக் குழவியால் இரண்டு போடு போட்டால்தான் உடையும். சூரை மீனைத் துண்டுபோட்டு, வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கல்லாகக் காயவைத்த பண்டம். தேங்காயோடும் மிளகாயோடும் சேர்த்து இடித்தால் அதற்குமேல் குழம்பு எதற்கு? பாட்டியிடம் இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், “தோணியில் வருது” என்பாள். தோணி எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை. தமிழ் முதுகலை படித்தபோதும் இல்லை. கடல்கடந்த வாணிகம் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதினேன். அடுக்களை டப்பாவில் இருந்ததும் அதுதான் என்று தோன்றவேயில்லை.

அந்தப் பையனை மைசூரில் ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறையில் சந்தித்தேன். மைசூர் இதற்கு வசதியான ஊர். இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969இல் இங்கே தொடங்கப்பட்டதால், நாட்டின் எந்த மூலையில் பேசப்படும் மொழியும் என்றாவது ஒரு நாள் மானசகங்கோத்ரி மர நிழலில் காதில் விழும். பையன் மொழியியல் மாணவன். மதியச் சாப்பாட்டின்போது, உங்கள் ஊரில் மீனுக்கு என்ன பெயர் என்று சும்மா கேட்டேன். “மஸ்” என்றான். கையில் எடுத்த சப்பாத்தி அப்படியே நின்றது. மாசி!

அதற்குமேல் அவனை நான் விடவில்லை. அவன் ஊரில் கிராமத் தலைவருக்குப் பெயர் போடுகாக்கா. பெண்களின் தலைவிக்குப் பெயர் போடுதாத்தா. ‘போடு’ என்றால் பெரிய. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டவர்கள், இலங்கை முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பதை அறிந்தவர்கள், இந்த இடத்தில் ஒரு கணம் நிற்பார்கள். பெரியண்ணன், பெரியக்கா. சொல் எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போயிற்று என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரே தண்ணீரில் நனைந்த சொற்கள் என்பது மட்டும் நிச்சயம். அன்றிலிருந்து பையன் மேடத்தை விட்டுவிட்டு என்னைத் ‘தாத்தா’ என்று கூப்பிட ஆரம்பித்தான். என் வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஹலை எழுதும் தானா லிபி வலமிருந்து இடமாகப் போகிறது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை. அடுத்த ஒன்பது பழைய உள்ளூர் எண்களிலிருந்து. கணக்குப் புத்தகத்தைக் கொண்டு கவிதை எழுதுகிற மாதிரி. வணிகமும் கடலும் வாழ்க்கையாக இருந்த ஜனங்களுக்கு இது பொருத்தமாகத்தான் படுகிறது.

எனக்குள் பயண ஆசையைக் கிளப்பியது அந்தப் போடுகாக்காவும் போடுதாத்தாவும்தான். பத்துப் பதினொரு கிராமங்கள். நமது கிராமங்களைப் போல இடையில் வயலும் கரடும் கிடையாது. எல்லாம் ஒட்டிக்கொண்டே இருக்கும் தெருக் கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரார் தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவர், ஒரு தலைவி, ஒரு பொது வீடு, போட்டியில் ஓட்டுகிற ஒரு நீண்ட படகு. படகைக் கரையேற்றுவது, தெருவைச் சுத்தம் செய்வது, கல்யாணத்துக்கு அரிசி புடைப்பது என்று பொது வேலைகளை அவர்கள்தான் பங்கிடுகிறார்கள். தாய் வழியில்தான் ஒருவர் எந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர் என்பது முடிவாகிறது. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். ஆண்களில் பலர் தலைமுறை தலைமுறையாகச் சரக்குக் கப்பல்களில் மாலுமிகள். மாதக்கணக்கில் அவர்கள் வெளியே இருக்க, ஊரை நடத்துவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உலகத்தில் தன்னாட்சித் தீவுகள் பல உண்டு. ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவுக்கு டின்வால்ட் என்று சொந்த நாடாளுமன்றம் இருக்கிறது. நம் தமிழர்கள் வாழும் மொரீஷியஸ் நாட்டின் கீழ் உள்ள ரொட்ரீகஸ் தீவுக்கு 2002இல் சொந்தச் சபை கிடைத்தது. அவையெல்லாம் காகிதத்தில் இருக்கும் ஆட்சி. மினிக்காயின் ஆட்சி எந்த அரசிதழிலும் இல்லை. தில்லியின் கணக்கில் அது யூனியன் பிரதேசத்தின் ஒரு தீவு, சட்டசபை கிடையாது, மேலே ஒரு நிர்வாகி. ஆனால் தெருவில் தண்ணீர் தேங்கினால் போடுகாக்காவிடம்தான் போவார்கள்.

இதை நான் சொர்க்கமாக வர்ணிப்பதாக யாரும் நினைக்கவேண்டாம். மணிக்ஃபான், தக்ருஃபான், தக்ரு, ராவேரி என்று பிறப்பால் வரும் நான்கு அடுக்குகள் அங்கேயும் இருந்தன. பக்கத்தில் விரிங்கிலி என்று ஒரு குட்டித் தீவு. தொழுநோய் வந்தவர்களை ஒரு காலத்தில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். தன்னைத் தானே ஆளும் ஊர், தன்னிலிருந்து சிலரை வெளியேற்றவும் தெரிந்த ஊர்தான். பையனிடம் இதைக் கேட்டபோது, “உங்கள் ஊர் பஞ்சாயத்து எப்படி?” என்று திருப்பிக் கேட்டான். பேச்சை மாற்றினேன்.

போவது அவ்வளவு சுலபமில்லை. 1967இல் வந்த விதிகளின்படி, தீவைச் சேராதவர் யாராக இருந்தாலும், இந்தியராக இருந்தாலும், லட்சத்தீவுகளுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். சுற்றுலாத் திட்டத்தில் போகாமல் தனியாகப் போவதென்றால், தீவுக்காரர் ஒருவர் நமக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும். அதோடு நம்முடைய போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நற்சான்று. அதற்காக ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டய்யா நல்ல மனிதர். காகிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, “மேடம், இது இந்தியாதானே?” என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். “அப்புறம் எதற்கு?” என்றார். சின்ன ஊர், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று ஏதோ சொன்னேன். யோசித்தார். “பந்திப்பூர் மாதிரி” என்றார்.

மைசூர்க்காரர் வாயில் அந்த உவமை வருவது இயற்கை. கேரளத்துக்குப் போகும் எங்கள் சாலை பந்திப்பூர் காட்டுக்குள் போகிறது. இரவு 9 மணிக்குச் சங்கிலியைப் போட்டால் காலை 6 மணிக்குத்தான் எடுப்பார்கள், 2009இலிருந்து இப்படித்தான். விலங்குகள் வண்டியில் அடிபடாமல் இருக்க. உவமை எனக்கு ரசித்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறுத்தியது. புலியிடம் யாரும் கதவை எந்நேரம் சாத்தலாம் என்று கேட்பதில்லை. மனிதர்களிடம் கேட்கலாம் அல்லவா? மினிக்காய்க்குக் கதவு இருப்பது நல்லதா கெட்டதா என்பதைவிட, அதன் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சாவி பல இடுப்புகளில் இருந்திருக்கிறது. மினிக்காய் நீண்ட காலம் கண்ணூர் அரக்கல் குடும்பத்தின் வசம். வடக்கே அமினி முதலான ஐந்து தீவுகளின் ஜனங்கள் அரக்கல் ஆட்சி தாங்காமல் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எங்கள் ஊர் திப்பு சுல்தானிடம் போய் அடைக்கலம் கேட்டார்கள், அவர் ஏற்றுக்கொண்டார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது அந்தத் தீவுகளும் கும்பெனியிடம் போய்ச் சேர்ந்தன. இதைப் படித்த ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். அதுவும் தீவுதான், காவிரியின் நடுவில். உடைந்த கோட்டைச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். “தீவு என்றார்களே, கடல் எங்கே?” என்று கேட்டான். பாலத்தில் பஸ் போய்க்கொண்டேயிருக்கும் இடத்தைத் தீவு என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மனமில்லை.

வெள்ளைக்காரர் காலத்திலும் பிறகும் இந்தத் தீவுகள் சென்னையோடு சேர்ந்தவை. மினிக்காய் மலபார் மாவட்டத்தில், அமினி தென்கன்னட மாவட்டத்தில். 1956 நவம்பர் 1ஆம் தேதி மலபார் கேரளத்துக்கும் தென்கன்னடம் மைசூருக்கும் போக, தீவுகள் தனி யூனியன் பிரதேசமாயின. சர்க்கார் அதற்கு வைத்த பெயரில் லக்கதீவு, மினிக்காய், அமினி தீவுகள் மூன்றும் இருந்தன. 1973 நவம்பர் 1ஆம் தேதி, மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆன அதே நாளில், அந்த நீளப் பெயர் லட்சத்தீவு என்று சுருங்கியது. மைசூருக்காவது ஊர்ப் பெயர் மிஞ்சியது. மினிக்காய் பிரதேசத்தின் பெயர்ப் பலகையிலிருந்தே போய்விட்டது. 1976இல் இந்தியாவும் மாலத்தீவும் கடல் எல்லைக் கோடு போட்டுக்கொண்டன. ஒரே மொழி பேசுகிறவர்கள் நடுவில் அந்தக் கோடு போகிறது. இராமேஸ்வரத்துக்கு எதிரே கோடு பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு மினிக்காய் தந்த ஒரு மனிதரையும் இங்கே சொல்லவேண்டும். அலி மணிக்ஃபான். பள்ளிக்கூடம் பிடிக்காமல் விட்டுவிட்டுத் தானாகவே பல மொழிகளையும் வானவியலையும் கப்பல் கட்டும் நுட்பத்தையும் கற்றவர். மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோது அவர் இனம் கண்ட ஒரு மீன் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. சிந்துபாத்தின் பயணத்தை மறுபடி செய்துபார்க்க டிம் செவரின் கிளம்பிய ‘சோஹார்’ பாய்க்கப்பலை, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்து, 1980இல் ஓமானில் கட்டியதில் அவருடைய கை இருந்தது. பல வருஷம் வள்ளியூர்ப் பக்கம் வாழ்ந்தார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வள்ளியூர் வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன்!

பயணத் திட்டத்துக்கு வருகிறேன். மழைக்காலம் முடிந்து அக்டோபரில் போவதாக ஏற்பாடு. மைசூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில். கொச்சித் துறைமுகத்திலிருந்து கப்பல். பார்க்கவேண்டியவை என்று நோட்டில் எழுதினேன்: 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம், சூரை மீன் பிடிக்கும் விதம், மாசி புகையூட்டும் அடுப்பு. மீன் பிடிப்பதைப் பையன் விவரித்தபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. வலையே கிடையாது. கழியும் தூண்டிலும்தான். காயலில் குஞ்சு மீன்களை உயிரோடு பிடித்து, படகின் அடித்தட்டில் கடல்நீர் ஓடவிட்டுக் கொண்டுபோவார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் குஞ்சுகளை வீசித் தண்ணீரைத் தெளித்தால் கூட்டம் வெறிகொண்டு மேலே வரும். தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது. மீன் கடித்ததும் சுண்டினால் தலைக்கு மேலே பறந்து படகுக்குள் விழும். மறு நொடி தூண்டில் திரும்பத் தண்ணீரில். ஒவ்வொன்றாகப் பிடிப்பதால் சின்னதும் பெரியதும் சேர்ந்து அள்ளப்படுவதில்லை.

நோட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. பவளத் தீவில் குடிநீர் என்பது மணலுக்கடியில் உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நல்ல தண்ணீர்ப் படலம். அதிகம் இறைத்தால் உப்பு ஏறும். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2011இல் மினிக்காயில் அமைத்தது. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் திறன். 10,447 பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பத்து லிட்டர்கூட முழுசாக வராது. மைசூரில் நான் காலையில் குளிப்பதே இரண்டு வாளி. போய் ஒரு வாரம் தங்கினால் யார் பங்கிலிருந்து குளிப்பேன்?

பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டியவர் பையனின் அம்மா. அவருடைய கிராமத்துப் பெண்கள் சபையில் முக்கியஸ்தர். ஒரு நாள் மாலை பையன் போனில் அவரைக் கூப்பிட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி மேஜைமேல் வைத்தான். அவர் மஹலில் நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். பையன் மொழிபெயர்த்தான்: “தாத்தா எதற்காக வருகிறார்கள் என்று அம்மா கேட்கிறார்கள்.”

படிவத்தின் அதே கேள்வி. மொழி பற்றி, மாசி பற்றி, பாட்டியின் டப்பா பற்றி ஏதேதோ சொன்னேன். பையன் என் ஐந்து நிமிஷத்தை அரை நிமிஷமாகச் சொன்னான். மறுமுனையில் சின்னச் சிரிப்பு. பார்க்கலாம் என்றார்களாம்.

அக்டோபரில் என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளினோம். 2020 மார்ச்சில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பையன் கடைசிக் கப்பலைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தான். அந்த வருஷம் முழுவதும் லட்சத்தீவுகளில் ஒரு கோவிட் நோயாளிகூட இல்லை. கொச்சியில் தனிமையில் இருந்துவிட்டுத்தான் கப்பலேற வேண்டும் என்று கதவை அவ்வளவு இறுக்கமாகச் சாத்தியிருந்தார்கள். மைசூரில் நாங்கள் ஆக்ஸிஜனுக்கு அலைந்த செய்திகளைப் படித்தபோதெல்லாம் அந்தக் கதவை நினைத்துக்கொள்வேன். டிசம்பரில் அந்த விதி தளர்த்தப்பட்டது. 2021 ஜனவரியில் முதல் நோயாளி.

அதே 2021இல்தான் மற்றதும். நில மேம்பாட்டுக்கு, பஞ்சாயத்துக்கு என்று புதிய நிர்வாகியின் வரைவுச் சட்டங்கள் வந்தன. திட்டம் என்று சொல்லி நிலத்தை எடுத்துக்கொள்ள வழி. இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது என்று ஒரு பிரிவு. மே மாதம் கல்வி, சுகாதாரம், விவசாயம், மீன்வளம், கால்நடை ஆகிய ஐந்து துறைகள் மாவட்டப் பஞ்சாயத்தின் கையிலிருந்து நிர்வாகத்திடம் திரும்பப் போயின. வளர்ச்சிக்காக என்றது நிர்வாகம். கேட்காமல் என்றார்கள் ஜனங்கள். ஜூன் 7 அன்று தீவுகள் முழுக்க வீடுகளிலேயே 12 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015இல் ஆஸ்திரேலியா தன் நார்ஃபோக் தீவின் சட்டசபையைக் கலைத்தபோதும், அங்கே இருந்தது 2,000 பேர்கூட இல்லை. சின்னவர்களிடம் கேட்க வேண்டிய அவசியம் பெரியவர்களுக்கு எங்கேயும் எழுவதில்லை போலும்.

வெளியாட்களுக்கான அனுமதியும் அப்போது இன்னும் இறுக்கப்பட்டது. எனக்கு ஏற்பட்டது விசித்திரமான சங்கடம். ஜனங்களைக் காப்பாற்ற என்று நான் ஏட்டய்யாவிடம் வாதாடிய அதே கதவு, இப்போது ஜனங்களின் கூச்சல் வெளியே கேட்காமலிருக்கவும் பயன்படுமோ என்று. பத்திரிகைக்காரி என்ற முறையில் உடனே போயிருக்கவேண்டும் என்று ஒரு மனம். அந்த அம்மாளின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய் ஏதாவது எழுதி, பிறகு பதில் சொல்லவேண்டியது அவர்தானே என்று இன்னொரு மனம். அகராதிக்குள்ளிருந்த படிவத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன்.

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடற்கரையில் உட்கார்ந்த படம் வந்தது. மாலத்தீவோடு வாய்ச்சண்டை. மூன்றே நாளில், அதுவரை வரைபடத்தில் லட்சத்தீவு எங்கே என்று தெரியாத என் அடுக்குமாடி நண்பர்கள், எப்போது போகலாம் என்று என்னையே விசாரித்தார்கள். மார்ச்சில் மினிக்காயில் ஐ.என்.எஸ். ஜடாயு என்ற கடற்படைத் தளம். விமான நிலையம் பற்றிய பேச்சு. எனக்குக் கிட்டத்தட்ட வெறுத்தே விட்டது. ஆயிரம் பேரோடு ஆயிரத்தோராவது ஆளாகப் போய் இறங்குவதற்கா இவ்வளவு யோசித்தேன்?

அந்த வருஷம் பையன் ஒரு வேலையாக மைசூர் வந்தான். இப்போது பையன் இல்லை, தாடியும் கண்ணாடியும். ஊரில் கிழவிகள் சொல்லும் கதைகளைப் பதிவு செய்து தானாவில் எழுதிக்கொண்டிருக்கிறானாம். பள்ளியில் அவன் படித்தது மலையாளமும் ஆங்கிலமும். தாய்மொழியைத் தாயிடம்தான் எழுதக் கற்றானாம். பேச்சோடு பேச்சாக, மொழிபெயர்ப்பாளர் செய்யும் தவறுகளைப் பற்றி நான் அளந்துகொண்டிருந்தேன். சட்டென்று, “தாத்தா, நான் உங்களிடம் ஒரு தப்புப் பண்ணியிருக்கிறேன்” என்றான்.

அன்று போனில் அவன் அம்மா கேட்டது, எதற்காக வருகிறார்கள் என்பதல்ல. ‘அவர்களுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?’ என்றுதான் கேட்டார்களாம். அந்தக் கேள்வியை என்னிடம் அப்படியே சொன்னால் யாருமில்லாதவள் என்று குத்திக்காட்டுவது போல ஆகிவிடும் என்று பயந்து, மரியாதையாக மாற்றிவிட்டானாம். ஊரில் புது மனிதர் இறங்கினால் முதலில் கேட்பது அதுதானாம். யாரும் இல்லையென்றால் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். 2017 டிசம்பரில் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் திசை தெரியாமல் அடித்துவரப்பட்டு லட்சத்தீவுகளில் கரையேறினார்கள். அனுமதிச் சீட்டு யாரிடமும் இல்லை. சோறும் உடுப்பும் கொடுத்துத் தங்கவைத்தது தீவு ஜனங்கள். அவர்களையும் வருகையின் நோக்கம் என்னவென்று யாரும் கேட்கவில்லை என்றான்.

ஐந்து வருஷம் நான் தவறான கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறேன். ஒரு மொழிபெயர்ப்பாளிக்கு இதைவிட அவமானம் வேண்டாம். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. “அப்புறம் உன் அம்மா என்னதான் முடிவு பண்ணினார்கள்?” என்றேன்.

“அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்களே. நீங்கள்தான் படிவத்தைக் கொடுக்கவில்லை.”

அன்று இரவே அகராதியைத் திறந்தேன். படிவம் மஞ்சளடித்திருந்தது, புதிதாக வாங்கவேண்டும், போலீஸ் சான்றும் புதிதாக. பரவாயில்லை. நோக்கம் என்ற கட்டத்தில் ‘உறவினரைப் பார்க்க’ என்று எழுதலாமா என்று கேட்டேன். சட்டப்படி அது செல்லாது, ஏதாவது வம்பில் மாட்டுவோம் என்றான். ‘சுற்றிப் பார்க்க’ என்றே எழுதப்போகிறேன். தூக்கம் வராவிட்டால் போகட்டும்.

இப்போது எங்களுக்குள் இருக்கும் பிரச்சினை வேறு. மைசூர் வெற்றிலை வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறார். மகன் இங்கே படித்த காலத்தில் ஒரு தடவை கொண்டுபோய்க் கொடுத்த ருசி மறக்கவில்லையாம். ரயில் ஒரு நாள், கொச்சியில் கப்பலுக்குக் காத்திருப்பது ஒரு நாளோ இரண்டு நாளோ, பிறகு கப்பல். தளிர் வெற்றிலை அதுவரை தாங்குமா? தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலை விற்கும் அம்மாளிடம் கேட்டேன். எத்தனை கட்டு என்றாள். சொன்னேன். வாழையிலையில் சுற்றி, ஈரச் சாக்கில் வைத்து, தினம் ஒரு தரம் பிரித்து அழுகினதை எடுத்துவிட வேண்டும் என்றாள். கடல் காற்றுப் பட்டால் கறுத்துவிடாதா என்று கேட்டேன். கடலை அவள் பார்த்ததில்லையாம். “போய்ப் பார்த்துவிட்டு வந்து நீ சொல்லு” என்றாள்.